கேமரா பிடித்தவரையும் ஒரு படம் எடுங்கள்

ஆர்ட்டெமிஸ் நிலவுப் பயணங்களைத் திட்டமிடும் நாசா குழுவினருக்கும், அங்கே இறங்கப்போகிற வீரர்களுக்கும்,

வணக்கம்.

1969 ஜூலையில் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஈகிள் லேண்டரின் பாதத் தட்டு மண்ணில் எவ்வளவு பதிந்தது, நில அதிர்வுமானியை எங்கே வைத்தார்கள், எல்லாம் தெளிவாக இருக்கிறது. நீல் ஆம்ஸ்ட்ராங்கைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் ஹாசல்பிளாட் கேமரா பெரும்பாலும் அவரிடம்தான் இருந்தது. வியூஃபைண்டர் கிடையாது, மார்பில் மாட்டிக்கொண்டு, உடம்பையே திருப்பிக் குத்துமதிப்பாகக் குறிபார்க்க வேண்டும். அப்படியும் எவ்வளவு நேர்த்தியான படங்கள்! கேமரா உடன் இறங்கிய ஆல்ட்ரின் கைக்குப் போனபோது, அவர் சுற்றிவர எடுத்த படங்களில் ஒன்றில் ஆம்ஸ்ட்ராங் முழுதாகத் தெரிகிறார். லேண்டரின் நிழலில், கருவிகள் வைத்த தட்டின் முன், நமக்கு முதுகைக் காட்டி ஏதோ வேலையில் இருக்கிறார். இன்னொரு படத்தில், ஆல்ட்ரினின் தலைக்கவசக் கண்ணாடியில் பொட்டளவு வெள்ளையாகத் தெரிவதும் அவர்தான்.

ஆல்ட்ரின் மேல் குறை சொல்லவில்லை. வெளியே இருந்ததே இரண்டரை மணி நேரம். லேண்டரின் கால்களையும் தன் பூட்ஸ் தடத்தையும் அவர் எடுத்த படங்கள் பொறியாளர்களுக்கு அவசியமானவை.

எங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களிலும் இதே கதைதான். கேமரா அப்பாவுடையது, அதனால் எந்த விசேஷப் படத்திலும் அப்பா இல்லை. ஒன்றில் மட்டும் அம்மாவின் காலடி வரை அவர் நிழல் நீண்டு கிடக்கிறது. அவர் போன பிறகு அதைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறோம்.

படத்தில் யார் யாரென்று தெரியாமல் குழம்பியதால்தானே, பிறகு கமாண்டரின் உடையில் சிவப்புப் பட்டை சேர்த்தீர்கள்? 1971-இல் அப்போலோ 14-இன் கமாண்டர் ஷெப்பர்டை அதை வைத்தே சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். அதே அக்கறையோடு இன்னும் ஒரு வரி வேண்டும்: ஒவ்வொரு நிலவு நடையிலும் ஒருமுறை கேமராவைக் கைமாற்றி, அதுவரை படம் பிடித்தவரை லேண்டர் பக்கத்தில் நிற்க வைத்து எடுங்கள். வேலைப் பட்டியலில் எழுதினால்தான் நடக்கும். 'நேரம் இருந்தால்' என்று விட்டால் நடக்காது.

அப்புறம், வேலை முடிந்ததும் சாமான்கள் கிடந்தபடியே ஒரு படம். கழற்றிப் போட்ட உறை, சாய்ந்து நிற்கும் மண்வெட்டி, புழுதி ஏறிய ஏணி, எதையும் ஒழுங்குபடுத்த வேண்டாம். பிலிம் தீர்ந்துவிடுமே என்ற கவலை இப்போது உங்களுக்கு இல்லை.

பயிற்சிக் களத்திலேயே இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்