நான்காம் வாளியை ஆடு தின்றுவிட்டது

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்துவிட்டது. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கல்வியியல், பாஸ். இரண்டு வருஷத்தில் முடிக்க நினைத்தது மூன்றரை வருஷம் இழுத்தடித்துவிட்டது. நடுவில் ஒரு பிப்ரவரியில் அம்மா மருத்துவமனையில் இருந்தது இதைப் படிக்கும் பெரும்பாலோருக்குத் தெரியும், மறுபடி விவரமாகச் சொல்லப்போவதில்லை. அம்மா இப்போது நடக்கிறார், காபியில் சர்க்கரை போதவில்லை என்று என்னோடு சண்டை போடுகிறார்.

நிறைய பேருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஆனால் முதலில் எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்துச் சமையலர் அக்காவுக்கு. பேரைப் போடாதீங்க டீச்சர் என்றதால் போடவில்லை.

என் ஆய்வேடு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளையிடம், இவ்வளவு பெரிய புளியமரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "மண்ணுல இருந்து, உரத்துல இருந்து" என்று பதில் வரும். வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி 17ஆம் நூற்றாண்டிலேயே தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை நிரப்பி வில்லோ கன்று நட்டு ஐந்து வருஷம் வளர்த்துப் பார்த்தார். 5 பவுண்டு கன்று 169 பவுண்டு மரமானது, மண்ணில் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ்தான். அப்படியானால் எல்லாம் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார், காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. இதையே பிள்ளைகள் கையால் செய்து பார்க்கட்டும் என்று எட்டு பெயிண்ட் வாளிகளில் மண்ணைக் காயவைத்து, சத்துணவுத் தராசில் நிறுத்துப்போட்டு, மக்காச்சோளம் விதைத்தோம்.

விதைத்த மூன்றாம் வாரம்தான் அந்தப் பிப்ரவரி. பதினெட்டு நாள் நான் பள்ளிப் பக்கமே போகவில்லை, செடி நினைப்பே இல்லை. திரும்பி வந்தபோது ஏழு வாளிகள் பச்சையாக நின்றன. அக்கா ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை நீட்டினார். ஒவ்வொரு வாளிக்கும் தினம் எத்தனை டம்ளர் தண்ணீர் என்று கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் "மழ, ஊத்தல". இன்னொரு நாள் "நாலாவது வாளிய ஆடு தின்னுடுச்சி". பக்கத்திலேயே வேறு விதை ஊன்றி ஒப்பேற்றியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "அது பொய்க்கணக்கு ஆயிடாதா டீச்சர்?" என்றார். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். நான் வெட்கத்தோடு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், மருத்துவமனை வராந்தாவில் ஒரு ராத்திரி நினைப்பு வந்தபோது, போன நாட்களுக்குச் சராசரி போட்டு நிரப்பிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆய்வேட்டில் நான்காம் வாளிக்கு நேராக இப்போது "ஆடு மேய்ந்தது, தரவு இல்லை" என்றே இருக்கிறது.

அறுபதாம் நாள் மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி, வேரை உதறி, காயவைத்து நிறுத்தபோது குறைந்திருந்த எடை அந்தத் தராசில் சரியாகத் தெரியக்கூட இல்லை. பிள்ளைகள் வாயைப் பிளக்க, பின்னால் நின்ற அக்கா, "அப்போ நான் வடிக்கிற சோறு காத்துலயும் தண்ணியிலயும் ஆனதா?" என்றார். ஆமாம் அக்கா, வெயிலையும் சேர்த்துக்கோங்க. மூன்று பாடவேளையில் நான் கொண்டுவர முடியாத கேள்வி அது.

அப்புறம், சனிக்கிழமை வகுப்புகளுக்கு அனுசரித்துக்கொண்ட தலைமையாசிரியர், தமிழ் வழியில் படித்த என் ஆங்கிலத்தைப் பக்கம் பக்கமாகத் திருத்திய தோழி, ராத்திரி பதினொன்றுக்கும் போனை எடுத்த கைடு, தடையின்மைச் சான்றுக்காக என்னோடு படியேறிய சக ஆசிரியர்கள், அந்தப் பதினெட்டு நாளும் டிபன் கேரியர் அனுப்பிய தெருக்காரர்கள், எல்லோருக்கும் ஒரு பெரிய கும்பிடு. பட்டம் வந்தால் சம்பளம் கூடுமா என்று கேட்கிறவர்களுக்கு: கூடாது, ஊக்க ஊதியத்தை 2020லேயே நிறுத்திவிட்டார்கள்.

அக்காவின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறேன், அவர் கையெழுத்திலேயே. ஜூனில் பள்ளி திறந்ததும் மறுபடி விதைக்கிறோம். நான்காம் வாளியைச் சுற்றி முள்வேலி கட்டுவது என் பொறுப்பு.