எண்பதுகளின் சிங்கிள் தட்டுகள்: உறையைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்பது, தொண்ணூறுகளில் பிரிட்டனில் வெளியான பாப் சிங்கிள் தட்டுகளை, அதாவது பக்கத்துக்கு ஓரிரு பாட்டு மட்டும் கொண்ட இசைத்தட்டுகளை, தேடி வாங்கும் ஆர்வம் நம் ஊரிலும் வளர்ந்து வருவதாக ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் பழைய தட்டு என்றாலே அரியது, அரியது என்றாலே விலை மதிப்புள்ளது என்ற எண்ணத்தைக் கட்டுரை விதைத்துவிட்டது. அதை நம்பிப் பணத்தை எடுத்து நீட்டுகிறவர்கள் ஏமாறுவார்கள்.

எண்பதுகளின் பெரிய வெற்றிப் பாடல்கள் லட்சக்கணக்கில் அச்சானவை. 1984 டிசம்பரில் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக வெளியான பேண்ட் எய்ட் குழுவின் சிங்கிள், பிரிட்டனில் மட்டுமே 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதை யார் அரிய தட்டு என்று சொன்னாலும் நம்பாதீர்கள். தொண்ணூறுகளில் நிலைமை தலைகீழ். மக்கள் சி.டி.க்கும் கேசட்டுக்கும் மாறிவிட்டதால் 7 அங்குலத் தட்டு மிகக் குறைவாகவே அச்சானது. சில பாடல்களுக்கு, காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸ் இயந்திரங்களுக்காக மட்டும் தட்டு போட்டார்கள். நடுத்துளை 38 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், இ.எம்.ஐ. இசை நிறுவனக் குழுமத் தட்டுகளில், தட்டுக்கு நிறுவனம் தரும் பட்டியல் எண்ணோடு ‘எல்.எச்.’ என்ற எழுத்துகள் சேர்ந்திருக்கும். ஊரே பாடிய பாட்டாக இருந்தும் தட்டு கிடைக்காமல் போவது இதனால்தான். ஆகவே பொதுவாக 1982ஆம் ஆண்டுத் தட்டைவிட 1996ஆம் ஆண்டுத் தட்டைத் தேடுவதே கடினம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய இடம் உறையும் அல்ல, தட்டின் நடுவிலுள்ள லேபிளும் அல்ல. கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே பாட்டில்லாத வெற்று வளையம் இருக்கிறதே, அதைப் பாருங்கள். சேகரிப்போர் அதை ரன்-அவுட் என்பார்கள். தட்டைச் சாய்த்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டால் அங்கே பொறித்த எழுத்துகள் தெரியும். பட்டியல் எண், அதன்பின் ஏ அல்லது பி என்ற பக்கம், அடுத்து அந்தப் பக்கத்துக்கு எத்தனையாவது முறை மூலத்தட்டு (அச்சு எடுப்பதற்காக ஒலியைப் பள்ளமாகப் பொறிக்கும் தட்டு) வெட்டினார்கள் என்ற எண். எண் 1 என்றிருந்தால் முதல் பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி என்று சொல்ல முடியாது. முதல் வெட்டு சரியில்லை என்று ஒதுக்கப்பட்டு, கடைக்கு வந்த முதல் தட்டே 2 என்ற எண்ணோடு இருப்பதும் உண்டு. வெட்டிய பொறியாளரின் கையெழுத்தும் அங்கே கிடைக்கும். ‘போர்க்கி’ என்று கண்டால் அது ஜார்ஜ் பெக்கம் வெட்டியது.

இதெல்லாம் வீண் ஆராய்ச்சி அல்ல. ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் ‘ரிலாக்ஸ்’ 12 அங்குலத் தட்டில் 16 நிமிடத்துக்கும் மேல் ஓடும் கலவை (மிக்ஸ்) ஒன்று, அதன் 8 நிமிடச் சுருக்கம் ஒன்று, பிறகு வந்த நியூயார்க் கலவை ஒன்று என மூன்று உண்டு. லேபிளை நம்பினால் மூன்றும் குழம்பிப்போகும். ரன்-அவுட் எண்தான் பிரித்துக் காட்டும். பெட் ஷாப் பாய்ஸின் ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ இரண்டு தனித்தனி ஒலிப்பதிவுகள். 1984இல் எபிக் நிறுவனம் வெளியிட்டது பாபி ஆர்லாண்டோ தயாரித்தது. 1985இல் பார்லோஃபோன் நிறுவனம் ‘ஆர் 6115’ என்ற எண்ணில் வெளியிட்டது ஸ்டீபன் ஹேக் தயாரித்தது. 1986 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது இதுதான். உறையே சாட்சி சொல்லும் இடமும் இல்லாமல் இல்லை. நியூ ஆர்டரின் 1983ஆம் ஆண்டு ‘ப்ளூ மண்டே’க்கு பீட்டர் சாவில் வடிவமைத்த முதல் உறையில் துளைகள் வெட்டப்பட்டிருக்கும், பிந்தைய அச்சுகளில் வெட்டு இல்லாத உறைகள் வந்தன. இசைத்தட்டுப் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையத்தளத்தில் ரன்-அவுட் எழுத்துகளை அப்படியே தட்டச்சு செய்து தேடினால் எந்தப் பதிப்பு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்தது தட்டின் பொருள். எல்லாமே வினைல் அல்ல. அமெரிக்காவில் கொலம்பியா, எபிக் சிங்கிள்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீனில் வார்க்கப்பட்டவை. மெல்ல வளைத்துப் பார்த்தால் வினைல் கொஞ்சம் இணங்கும். பாலிஸ்டைரீன் விறைப்பாக நிற்கும். அழுத்தி வளைத்தால் உடைந்தே போகும். தேய்ந்த ஊசியில் ஓடிய பாலிஸ்டைரீன் தட்டு கண்ணுக்குப் புதிது போலப் பளபளக்கும், போட்டால் ‘உஸ்’ என்று இரையும். வானொலி நிலையங்களிலிருந்து வந்த பிரதிகளில் பாட்டின் தொடக்கம் மட்டும் இரைவது, அறிவிப்பாளர்கள் தட்டை முன்னும் பின்னும் சுழற்றி ஊசியை நிறுத்தியதால். ஆகவே கண்ணால் பார்த்துப் போட்ட தரத்தை ஏற்காதீர்கள். போட்டுக் கேட்டீர்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். தட்டுக்குத் தனியாக, உறைக்குத் தனியாகத் தரம் சொல்லச் சொல்லுங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் கண்டிப்பாகச் சத்தம் போடும். நிமிடத்துக்கு 45 சுற்று என்பதால் அந்த ‘டக்’ 1.33 நொடிக்கு ஒரு முறை வரும். அதே இடைவெளியில் வந்தால் கீறல், ஒழுங்கில்லாமல் வந்தால் பெரும்பாலும் தூசி. தூசி கழுவினால் போகும்.

கழுவுவதற்கு 400 மில்லி காய்ச்சி வடித்த நீர், 100 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு போதும். போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு பள்ளத்தில் படிந்து புதிய இரைச்சலாகிவிடும். பள்ளத்தின் வட்டத்தை ஒட்டியே துடைத்து, வெறும் வடிநீரால் மறுபடி துடைத்து, நிறுத்தி வைத்து உலர்த்துங்கள். லேபிள் நனையக்கூடாது. பாலிஸ்டைரீன் தட்டுக்கு ஆல்கஹாலைத் தவிர்த்துவிடுங்கள். பாலிகிராம் குழுமத்தின் பல பிரிட்டிஷ் சிங்கிள்களில் காகித லேபிளே கிடையாது, பிளாஸ்டிக் மீது அச்சிட்டிருப்பார்கள். அதன்மேல் ஆல்கஹால் படக்கூடாது.

தட்டின் மேலேயே படம் பதித்த பட டிஸ்க் பற்றிக் கட்டுரை வியந்து எழுதியிருந்தது. பார்க்க அழகு, கேட்க இரைச்சல்; இதுதான் உண்மை. நட்சத்திரம், விமானம் போல வெட்டிய தட்டுகளைத் தானியங்கி டர்ன்டேபிளில் வைக்கவே கூடாது. 7 அங்குல விளிம்பைக் கணக்கிட்டு அது ஊசியை இறக்கும், அங்கே தட்டு இருக்காது, ஊசி முறிந்துவிடும். பட டிஸ்க்குகளோடு வந்த மென்மையான பி.வி.சி. உறைகள் அதைவிட மோசம். அதிலுள்ள நெகிழ்வூட்டும் பொருள் கசிந்து தட்டின் மேல் பால்போல் மங்கலாகப் படியும், கழுவினாலும் போவதில்லை. வாங்கிய அன்றே பாலித்தீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறைக்கு மாற்றுங்கள்.

நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இந்தத் தட்டுகள் பழகியவை அல்ல. படுக்கை வசத்தில் அடுக்கினாலும், அலமாரியில் சாய்ந்து நின்றாலும் நெளியும். நேராக நிறுத்தி, எளிதாக உருவி எடுக்கும் அளவுக்கு மட்டும் நெருக்கி வையுங்கள். மொட்டை மாடி அறையும் வெயிலில் நிற்கும் காரும் ஆகாது. காகித உறையை இராமபாணப் பூச்சி அரிக்கும் என்று பயந்து அந்துருண்டை போடுகிறார்கள். அது பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலமே போதும், மழைக்காலத்தில் மறக்காமல் மாற்றுங்கள்.

கடைசியாகக் கருவி. சூட்கேஸ் வடிவ மலிவுக் கருவிகளில் பல, 5 கிராம் அளவுக்கு ஊசியை அழுத்துகின்றன. நல்ல காந்த கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கி ஒலியை மின்சாரமாக்கும் பாகம்) 2 கிராம் போதும். அமெரிக்க உறவினர் கொண்டுவந்து தரும் பழைய டர்ன்டேபிளாக இருந்தால் மோட்டார் வகையைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் ஏ.சி. சின்க்ரனஸ் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்பவே சுற்றுவதால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் நம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகத்தான் சுற்றும். 45 சுற்று 37.5 ஆகிவிடும். பிரிட்டிஷ் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. தபாலில் தட்டு வரவழைக்கும்போது, அதைப் பட உறைக்கு வெளியே தனி உறையில் போட்டு, இருபுறமும் அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உறைக்குள்ளேயே வந்தால் வழியில் தட்டின் விளிம்பு உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

இப்படிக்கு,
இசைத்தட்டு சேகரிக்கும் வாசகர்,
சென்னை