நடுவில் நம் வீடு இருக்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்க நீ அனுப்பிய மோட்டார் சைக்கிள் பயணத் திட்டத்தை அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொள்வாள், பேச்சு வேறு எங்கோ போய்விடும். தவிர, இதையெல்லாம் எனக்குத் தமிழில் எழுதினால்தான் சரியாகச் சொல்ல வரும். நிதானமாகப் படி. உன் தோழிகள் மூன்று பேருக்கும் படித்துச் சொல்.

போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. நீ லைசென்ஸ் வாங்கி நாலு வருஷம் ஆகிறது, கொட்டும் மழையிலும் ஓட்டியிருக்கிறாய். எல்லாரும் 66-ஆம் எண் சாலையைப் பிடித்துக்கொண்டு தொங்கும்போது நீ 50-ஆம் எண் சாலையைத் தேர்ந்தெடுத்தாயே, அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அது தொடங்கும் கிழக்குக் கரை ஓஷன் சிட்டியில் கடற்கரையை விட்டுக் கிளம்பியதும், மேற்கே அது முடியும் கலிஃபோர்னியாவைக் காட்டி 'சாக்ரமெண்டோ 3073 மைல்' என்று ஒரு பலகை வரும். 2012-ல் அதன் கீழே நாங்கள் நாலு பேர் நின்று எடுத்த படம்தான் நம் ஹாலில் மாட்டியிருக்கிறது. நான், சேலத்து மாமா, நெல்லூர் அங்கிள், என்னோடு வேலை பார்த்த ஒஹாயோக்காரர். அந்தப் படத்தைப் பார்த்தேதான் நீ வளர்ந்தாய். ஆனால் அந்தப் பயணத்தில் யூட்டாவில் நடந்ததை உனக்கு நான் சொன்னதில்லை. 'வண்டி ரிப்பேர், ஒரு நாள் தங்க வேண்டியதாகிவிட்டது' என்றுதான் வீட்டில் சொன்னோம். அம்மாவுக்கே போன வாரம்தான் சொன்னேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவில் 50-ஆம் எண் சாலை, எழுபதாம் எண் இன்டர்ஸ்டேட் என்கிற பெரிய நெடுஞ்சாலையோடு சேர்ந்தே போகும். சுமார் 110 மைல். பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது, ஊர் கிடையாது. இந்த நாட்டு இன்டர்ஸ்டேட்களில் இத்தனை தூரம் ஒரு வசதியும் இல்லாத இடம் வேறு இல்லை. ஜூலைக் கடைசி. காலையில் கிராண்ட் ஜங்ஷனில் கிளம்பும்போதே வெயில் சுள்ளென்று இருந்தது. அன்றைக்கு எங்கள் கணக்கு 430 மைல், இரவு நெவாடாவில் ஈலி. ரூம் போட்டாயிற்று, பணமும் கட்டியாயிற்று.

கிரீன் ரிவரில் பெட்ரோல் போட்டோம். அது தர்பூசணிக்குப் பேர்போன ஊர். ரோட்டோரத்தில் வெட்டி வைத்திருந்தார்கள். சேலத்து மாமா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு துண்டு சாப்பிட்டுட்டுப் போலாமாடா, தலை லேசா கனக்குது" என்றார். முன்னால் ஓட்டியவன் நான். நேரக் கணக்கு வைத்திருந்தவனும் நான். "சலைனா போய்ச் சாப்பிட்டுக்கலாம், ஒன்றரை மணி நேரம்தானே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நண்பர்கள் பேசமாட்டார்கள். நம்மால் மற்றவர்களுக்குத் தாமதம் வேண்டாமே என்று நினைப்பார்கள்.

ஐம்பது மைல் போயிருப்போம். கண்ணாடியில் பார்த்தால் மாமாவின் வண்டி வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்குகிறது. தூங்குபவரை எழுப்ப ரோட்டின் ஓரத்தில் வரிவரியாக வெட்டி வைத்திருப்பார்கள் அல்லவா, அதில் டயர் ஏறிய அதிர்ச்சியில்தான் அவர் உள்ளே வந்தார் என்று பின்னால் வந்த நெல்லூர் அங்கிள் பிறகு சொன்னார். அது மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருஷம் கழித்தும் சில ராத்திரி நினைத்துக்கொள்கிறேன்.

பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கென்று ஒதுக்கியிருந்த ஓர் இடத்தில் நிறுத்தினோம். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. மாமா வழியிலேயே ஜாக்கெட் ஜிப்பைத் திறந்துவிட்டிருந்தார். உள்ளே பனியன் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. நெற்றியில் வைத்த கையை நான் சட்டென்று எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. அவர் என்னைப் பார்த்து, "சங்ககிரி தாண்டியாச்சா?" என்று கேட்டார்.

எனக்குக் கால் நடுங்கிவிட்டது. சங்ககிரி, சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவில், கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் ஒரே வண்டியில் போய்வந்த வழி. அவர் அந்த ரோட்டில் இருந்தார்.

நாலு பேருக்கும் சேர்த்து எங்களிடம் இருந்தது ஒரு பாட்டில் தண்ணீர், அதுவும் வெந்நீர் மாதிரி. அங்கே ஒரு பெரிய வேனில் வயதான கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். அந்த அம்மா ஐஸ் பெட்டியைத் திறந்து, ஐஸை ஒரு துண்டில் சுற்றி மாமாவின் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். ஏசி போட்டு அவர்கள் வண்டியிலேயே படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். சாயங்காலம் வரை டிரிப்ஸ் ஏறியது. ராத்திரி மாமா எழுந்து முதலில் கேட்டது, "ரூம் காசு போச்சா?" என்று. நான் வெளியே போய் நின்றுகொண்டு அழுதேன்.

இதைச் சொன்னது உன்னைப் பயமுறுத்த இல்லை. உன் திட்டத்தில் அதே கணக்கைப் பார்த்தேன். எட்டு நாள், நாளைக்கு 400 மைலுக்குக் கிட்டத்தட்ட. ஏழாம் நாள் கிராண்ட் ஜங்ஷனிலிருந்து ஈலி. எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான். பன்னிரண்டு நாளாக்கு. லீவு இல்லை என்றால் கொலராடோவில் பியூப்லோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதியை அடுத்த வருஷம் ஓட்டலாம். உன் தோழி ஒருத்தி 24 மணி நேரத்தில் 1000 மைல் ஓட்டிச் சான்றிதழ் வாங்கியவள் என்று எழுதியிருந்தாய். அந்தப் பெண் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது ஒரு நாள், ஒரு ஆள். இது நாலு பேர், தினமும். மற்ற மூவரால் முடியுமா என்பதை அவளை வைத்து முடிவு செய்யாதே.

வெயில் விஷயத்தில் ஒன்று புரிந்துகொள். வண்டி ஓடும்போது காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடும், அதனால் வியர்ப்பதே தெரியாது. காற்று நம் உடம்புச் சூட்டைவிட அதிகச் சூடாகிவிட்டால், ஜாக்கெட்டைத் திறந்து விடுவது அடுப்பு வாயைத் திறந்து முன்னால் நிற்பதுபோலத்தான். திறக்காதே. நிறுத்தும் இடத்திலெல்லாம் உள்ளே போட்டிருக்கும் பருத்திச் சட்டையை நனைத்துப் பிழிந்து போட்டு, மேலே ஜாக்கெட்டை மூடிக்கொள். குழாய் வைத்த தண்ணீர்ப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டும்போதே குடி. உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறுதான் ஆத்தா எனக்குக் கொடுப்பாள், அதைவிடச் சிறந்ததை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்புறம் பெட்ரோல். சின்ன வண்டிக்காரத் தோழிக்கு டாங்க் இரண்டு காலன் சொச்சம்தான் என்றாய். நூறு மைல் தாண்டினால் அவளுக்கு வயிற்றில் புளி கரைக்கும். சலைனா வழியில் உங்கள் நாலு பேரின் தூரத்தையும் அந்த டாங்க்தான் தீர்மானிக்கும். ஒரு காலன் கேனை உன் வண்டியில் கட்டிக்கொள். நெவாடாவிலும் இதே கதை: ஈலியிலிருந்து யுரேகா 77 மைல், அங்கிருந்து ஆஸ்டின் 70, அங்கிருந்து ஃபாலன் 110. ஒவ்வொரு ஊரிலும், பாதி இருந்தாலும், நிரப்பு.

முன்னால் நீ போவாய் என்று தெரியும். கடைசியில் நன்றாக ஓட்டத் தெரிந்தவளைப் போடு, புதியவளை உனக்கு நேர் பின்னால் வை. ஒவ்வொருத்தியும் தன் பின்னால் வருகிறவளுக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அவள் காணவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அப்படியே அது ஒவ்வொருவராக உன்வரை வந்து சேரும். இதெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அங்கே சொல்லாதது இது: 'லேசா' என்ற வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் அங்கேயே நிறுத்து. லேசா தலைவலி, லேசா தூக்கம், கை லேசா மரத்துப்போச்சு. நிறுத்தியதற்குக் காரணம் கேட்காதே. அவள் மன்னிப்பும் கேட்க வேண்டாம்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க நீ அனுப்பிய, மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் கடந்த வான் ப்யூரன் சகோதரிகளின் படத்தை அவள் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள். அதற்கப்புறம் நானும் அவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். அகஸ்டாவும் அட்லைனும் 1916 ஜூலை 4 அன்று புரூக்ளினிலிருந்து 'இந்தியன்' என்ற அமெரிக்கக் கம்பெனியின் இரண்டு வண்டிகளில் கிளம்பியிருக்கிறார்கள். போருக்கு ஆள் எடுத்தால் செய்தி கொண்டுபோகும் வேலையைப் பெண்களும் செய்யலாம் என்று காட்ட நினைத்தார்கள். தார் ரோடு அபூர்வமாக இருந்த காலம். ஆண் உடை போட்டதற்காக ஊர் ஊராகப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே ஓட்டி ஏறினார்கள். அத்தனை துணிச்சல்காரிகளும் சால்ட் லேக்குக்கு மேற்கே பாலைவனத்தில் வழி தவறி, தண்ணீர் தீர்ந்து நின்றிருக்கிறார்கள். வண்டி கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த ஒரு சுரங்கக்காரர் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார். நம் மாமாவுக்கு ஐஸ் கொடுத்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். உன் அம்மா அதைப் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணுங்க ரெண்டு மாசம் எடுத்துக்கிட்டாங்க, இதுகளுக்கு எதுக்கு எட்டே நாள்?" என்றாள். அவளுக்கு நீ பதில் சொல்.

நாள் கூடினால் உனக்கு என்னென்ன கிடைக்கும் தெரியுமா? முதல் நாளே செசபீக் வளைகுடாப் பாலம், 4.3 மைல். நடுவில் கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும். தோளை இறுக்காமல், ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடி. மேற்கு வர்ஜீனியாவில் மலை வளைவு வளைவாக வரும். அங்கே மணிக்கு 40 மைல் போனால் பெரிது, அந்தியில் மான்கள் ரோட்டுக்கு வந்துவிடும், பொழுது சாய்வதற்குள் ரூமுக்குப் போய்விடு. இல்லினாயில் ஹெல்மெட் கட்டாயமில்லை. நீங்கள் கழற்ற வேண்டாம்.

கான்சஸைப் பலர் சலிப்பு என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். டாட்ஜ் சிட்டியில்தான் நூறாவது தீர்க்கரேகை போகிறது. அதற்குக் கிழக்கே மழை போதும், மேற்கே போதாது. வண்டியில் இருந்தே அது தெரியும். ஆளுயரச் சோளம் குறைந்து, புல் மஞ்சளாகி, காற்றில் ஈரம் போய் உதடு வெடிக்க ஆரம்பிக்கும். தெற்கிலிருந்து அடிக்கும் காற்றில் வண்டியைச் சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போகும். எதிரே மாடு ஏற்றிய லாரி வந்தால் முதலில் ஒரு நொடி காற்று நிற்கும், அடுத்த நொடி அறைந்ததுபோல வரும். வாசனை அதற்கும் ஒரு மைல் முன்னாலேயே வந்துவிடும். கார்டன் சிட்டி தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அந்த ஒரு மணி நேரத்தை மைலுக்குச் செலவு பண்ணாமல் எங்காவது உட்கார்ந்து காபி குடியுங்கள்.

கொலராடோவில் மொனார்க் கணவாய் 11,312 அடி. மத்தியானத்துக்குமேல் இடி, ஆலங்கட்டி மழை வரும். காலையிலேயே தாண்டிவிடு. கீழே வேர்த்து ஊற்றினாலும் மேலே விரல் விறைக்கும், கம்பளி கையுறை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். உச்சியில் நீர்பிரிமேட்டுப் பலகை இருக்கிறது. அதன் முன்னால் நெல்லூர் அங்கிள் பாட்டில் தண்ணீரை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, "இது அட்லாண்டிக்குக்கு, இது பசிபிக்குக்கு" என்றார். அவர் இப்போது இல்லை. நீயும் அங்கே நின்று ஊற்று.

நெவாடாப் பகுதியை 1986-ல் லைஃப் பத்திரிகை அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று எழுதியது. மலை ஏறினால் கீழே பள்ளத்தாக்கு, அதன் குறுக்கே நூல் பிடித்த மாதிரி ரோடு, அந்தக் கடைசியில் அடுத்த மலை. அதையும் ஏறினால் மறுபடி அதே. அங்கே ஒரு முறை எல்லாரும் என்ஜினை அணைத்துவிட்டு நில்லுங்கள். சூடான சைலன்சர் டிக் டிக்கென்று குளிரும் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் கேட்காது. என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

சரி. இப்போது எனக்கு வேண்டியது. இந்தச் சாலை சின்சினாட்டிக்குள்ளேயே போகிறது, நம் வீட்டிலிருந்து சில நிமிஷம்தான். உன் திட்டத்தில் நீ இங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போட்டிருக்கிறாய். அதை இரண்டு ராத்திரியாக்கு. கராஜைக் காலி பண்ணிவிட்டேன், நாலு வண்டியும் உள்ளே நிற்கும். டயர், பிரேக், செயின் எல்லாவற்றையும் நானே பார்த்துத் தருகிறேன். சேலத்து மாமா கொலம்பஸிலிருந்து வருகிறார். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பிள்ளைங்களுக்குத் தர்பூசணி நான் வாங்கிட்டு வர்றேன்" என்றார்.

என்றைக்கு வருகிறீர்கள், தோழிகளில் சைவம் யார், காரம் எவ்வளவு தாங்குவார்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா