வடுமா வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஆடியில் ஒட்டுக்கட்டும் பயிற்சியும் தையில் பொங்கல் விழாவும் நடந்தன.

வடுமா மரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓடைக்கரையிலும் மலையடிவாரத்திலும் பெரும்பாலும் தானாக முளைத்த மரங்கள்தான் நமக்கு வடு, அதாவது ஊறுகாய்க்கான பிஞ்சு மாங்காய், தருகின்றன. கொட்டைக்கன்று தாய்மரம் மாதிரி காய்க்காது, ஒட்டுக்கட்டினால்தான் அதே காய். ஆனால் ஒட்டுக்கு எந்த மரத்தில் குச்சி எடுப்பது? பெயரை வைத்துச் சொல்ல முடியவில்லை, ஊருக்கு ஒரு பெயர். அதனால்தான் டிஎன்ஏ மார்க்கர் சோதனைக்கு ஏற்பாடு செய்தேன். டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரே சிறு துண்டு அடுத்தடுத்து வரும், அந்த இடங்கள்தான் மார்க்கர். எத்தனை தடவை வருகிறது என்பது மரத்துக்கு மரம் மாறும், ஒரே மரத்தின் ஒட்டுகளில் மாறாது. முற்றிய இலையில் பிசினும் துவர்ப்பும் அதிகம், டிஎன்ஏ சுத்தமாகப் பிரியாது. எனவே செம்பு நிறத் தளிராகப் பறித்து, சிலிக்கா ஜெல் போட்ட கவரில் உலர்த்தி, 31 மரங்களின் மாதிரியை அனுப்பினோம்.

மூன்று ஊர்களில் மூன்று பெயரில் நின்ற மரங்கள் பார்த்த எல்லா மார்க்கரிலும் ஒன்றாக இருந்தன. என்றோ யாரோ ஒரே தாய்மரத்தில் குச்சி எடுத்து ஒட்டுக்கட்டியிருக்கிறார். 'உருண்டை வடு' என்று நாம் சொல்லும் இரண்டு மரங்களோ வேறு வேறு. அவற்றில் பாலத்தடி மரத்து வடு, ஜாடியில் ஒரு வருஷம் கிடந்தும் கடித்தால் நறுக்கென்கிறது. இந்த ருசியை மார்க்கர் சொல்லாது, நாம்தான் கடித்துப் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டு மரங்களைச் சேர்த்துக் கன்று எடுத்தால், அது அந்த ஜோடியின் கன்றுதானா என்று ஒரு தளிரிலேயே தெரிந்துவிடும், காய்க்கும்வரை வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். கர்நாடகத்தில் அப்பேமிடி ஊறுகாய் மாங்காய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதுவும் ஆற்றங்கரைக் காட்டு மரம்தான்.

தளிர் பறிக்க வாருங்கள் என்று மூன்று முறை தகவல் அனுப்பினேன். வந்தவர்கள் நான்கு பேர். கோயில் மேட்டு மரம், நாங்கள் போவதற்கு இரண்டு வாரம் முன்பு வெட்டப்பட்டது. உரியவர் நம் உறுப்பினர். ஒரு போன் செய்திருந்தால் பத்துக் குச்சியாவது எடுத்திருப்போம். அடிக்கட்டையில் இன்னும் பால் வடிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன்.

62 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 27 பேர். வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம் உள்ளது. சோதனைக் கட்டணத்தில் ஒரு பகுதியை நான் கைக்காசு போட்டுக் கட்டினேன்.

தலைவர், பொருளாளர், இடம் தந்த பள்ளி நிர்வாகம் அனைவருக்கும் நன்றி.

இன்னும் ஒன்பது மரங்கள் பாக்கி. அடுத்த தளிருக்குள் சந்தா சேர்ந்தால் அனுப்பலாம். அப்புறம், ஏணி பிடிக்க இரண்டு இளைஞர்கள் வந்தால்தான் நான் இந்தப் பொறுப்பில் தொடர முடியும்.

செயலாளர்