வசந்த விழாவுக்கு கை குடுத்தவங்க எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

எங்க நடனத்துறை வசந்த விழா நல்லபடியா முடிஞ்சிட்டு. வாடகைக்கு எடுத்த நெத்திச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் எல்லாத்தையும் எண்ணி திருப்பிக் குடுத்தாச்சு, மேடைய பிரிச்சாச்சு, பாயெல்லாம் சுருட்டி வேன்ல ஏத்தியாச்சு, இப்பதான் உக்காந்து எழுத முடியுது. அன்னைக்கு நன்றியுரைக்கு குடுத்த நேரத்துல துணைவேந்தர், பதிவாளர், சிறப்பு விருந்தினர்னு பெரியவங்கள சொல்லத்தான் முடிஞ்சுது. நான் மனசுல வச்சிருந்தவங்கள்ல பாதிப் பேரு அந்த நேரத்துல மேடைக்குப் பின்னால வேலையா நின்னாவ, நான் பேசுனது அவங்க காதுல விழுந்திருக்கவே விழுந்திருக்காது. அதான் இந்த மடல். யாரு பேரும் போடல, நெறைய பேரு வேண்டாம்னுட்டாவ, படிக்கும்போது அவங்கவங்களுக்கு தெரியும்.

மொதல்ல கணியான் கூத்துல முன்ன நின்னு கதைய பாட்டா பாடுத அண்ணாவி அய்யாவுக்கும் அவங்க செட்டுக்கும்.

வருஷா வருஷம் எங்க விழா எப்படி இருக்கும்னா பரதநாட்டியம்தான், அலாரிப்புல ஆரம்பிச்சு ஜதிஸ்வரம், வர்ணம், பதம், தில்லானான்னு போயி, கடைசியில கூட்டம் கலையாம இருக்க ஒரு கிராமிய நடனம், அதுவும் ரெக்கார்டு பாட்டுக்கு, கலர் கலரா டிரஸ் போட்டு கொஞ்ச நேரம். இந்த வருஷம் அப்படி வேண்டாம், நம்ம பக்கத்து கோயில்கள்ல பாட்டும் ஆட்டமுமா கதை சொல்லுத கணியான் கூத்த முழுசா வைக்கணும், பரம்பரையா ஆடுதவங்களே வந்து ஆடணும், நம்ம பிள்ளைகள் அவங்ககிட்ட உக்காந்து படிக்கணும்னு எங்க டீச்சர் சொன்னாவ. எனக்கு அது ரொம்ப நாளா உள்ளுக்குள்ள இருந்த ஆசை. நடன வரலாறு பேப்பர்ல கல்லிடைக்குறிச்சி இ. கிருஷ்ண ஐயரப் பத்தி படிக்கோம், 1897ல பொறந்தவரு, வக்கீலு, பரதநாட்டியத்துக்கு முந்தின பேரான சதிர மட்டமா பேசி ஒதுக்கி வச்சிருந்த காலத்துல தானே பொம்பளை வேஷம் கட்டி ஆடிக் காட்டினவரு, 1930கள்ல மெட்ராஸ் மியூசிக் அகாடமியில பரதநாட்டியம்னு பேரு நிலைக்க பாடுபட்டவங்கள்ல முக்கியமானவரு. அவர மனசார கும்பிடுதோம். ஆனா அதே தாமிரபரணி பாயுத சீமையில, சுடலைமாடன் கோயில் கொடை விழாக்கள்ல, தலைமுறை தலைமுறையா ஆம்பளைங்க சேலை கட்டி சலங்கை கட்டி ராத்திரி முழுக்க ஆடிட்டு இருக்காவளே, அவங்கள மட்டும் ஏன் பாடத்துல ஒரு பத்தியோட முடிச்சிடுதோம்னு எனக்கு எப்பவும் ஒரு உறுத்தல் உண்டு. நடராசர் ஆடுத அஞ்சு சபையில ரெண்டு நம்ம பக்கம்தான் இருக்கு, திருநெல்வேலி டவுன் நெல்லையப்பர் கோயில்ல தாமிரசபை, குற்றாலத்துல சித்திரசபை. இவ்வளவு சொல்லிப் பெருமைப்படுத நாம கணியான் செட்ட நம்ம மேடையில நடுவுல வைக்க இத்தனை வருஷம் ஆயிருக்கு.

அண்ணாவி அய்யா மொத சந்திப்புலயே ஒரு விஷயம் தெளிவா சொன்னாவ. கோயில்ல சாமிக்குன்னு செய்யுத சடங்கு எதுவும் மேடைக்கு வராது, பாட்டும் மகுடம்ங்கிற தோல் மேளமும் ஆட்டமும்தான் வரும், அத ஒத்துக்கிட்டா வாரேன்னாவ. "கொடையில ஆடுதது சாமிக்கு, இங்கன ஆடுதது பிள்ளைகளுக்கு, ரெண்டையும் கலக்கப்படாதும்மா" அப்படின்னு அவங்க சொன்ன விதத்துல நாங்க யாரும் மறுபேச்சு பேசல. எது மேடைக்கு உண்டு எது கிடையாதுன்னு அந்தக் கலைக்கு சொந்தக்காரங்கதான் முடிவு பண்ணணும், ஒரு பல்கலைக்கழகத் துறை அத கேட்டு நடக்கதுதான் முறைன்னு நான் நெனைக்கேன்.

அப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து எங்களுக்கு சொல்லிக் குடுத்தாவ பாருங்க, அத எப்படி எழுதன்னே தெரியல. நாங்க தாளத்த எண்ணி எண்ணி வளந்த பிள்ளைங்க, எட்டுக்கு எட்டு, ஜதிய முடிச்சு வைக்க தீர்மானம் எங்க வருதுன்னு முன்னாடியே தெரியணும். அவங்க பாட்டுல அந்தக் கணக்கு வேற மாதிரி ஓடுது, அண்ணாவி காதுல ஒரு கைய வச்சுக்கிட்டு ஒரு வரிய இழுத்தார்னா கதை எவ்வளவு கேக்குதோ அவ்வளவு இழுப்பார், பின்பாட்டுக்காரரு அத வாங்குவார், உச்ச மகுடமும் மந்த மகுடமும் அதுக்குத் தக்கன ஏறி இறங்கும், ஆட்டக்காரங்க காலு அதோட போகும். எங்க பிள்ளைக எண்ணிக்கிட்டே நின்னதப் பாத்து "எண்ணாதீய, பாட்டக் கேளுங்க" அப்படின்னாவ. அத்தன வருஷம் தாளம் தட்டி ஜதி சொல்லுத நட்டுவாங்கத்துக்கு ஆடிப் பழகின எங்களுக்கு அது பெரிய பாடம். அதுக்கப்புறம் வர்ணம் ஒத்திகையில கூட பாடுத அக்கா குரல எல்லாரும் கேட்டு ஆட ஆரம்பிச்சதா எங்க டீச்சரே சொன்னாவ. அரைமண்டியில உக்காந்து பழகின காலுக்கு அவங்க அடவு சுலபமா வரல, சேலை கட்டி ஆடுத அந்த ரெண்டு அண்ணன்மாரும் முகம் சுளிக்காம திரும்பத் திரும்ப ஆடிக் காட்டினாவ. பகல்ல ஒருத்தரு கூலி வேலைக்கும் இன்னொருத்தரு ஆட்டோ ஓட்டவும் போறவங்க, அத விட்டுட்டு வந்தாவ. அண்ணன்களே, உங்களுக்கு எங்க நமஸ்காரம்.

எங்க வகுப்புப் பையன் ஒருத்தன் அவங்களோட சேலை கட்டி ஆடுனான், பாத்திருப்பிய. அவன் வீட்டுல இதுக்கு லேசுல சம்மதிக்கல. கடைசியில அவன் அம்மை தன்னோட சேலையவே குடுத்து அனுப்பிச்சாவ, அவன் அப்பா மூணாவது வரிசையில உக்காந்து முடியுற வரைக்கும் எந்திரிக்காம பாத்தாவ. அவங்க ரெண்டு பேருக்கும் தனியா நன்றி. உங்க பிள்ளை அன்னைக்கு ரொம்ப நல்லா ஆடுனான், இத நான் கூட ஆடுதவளா சொல்லுதேன்.

சம்பள விஷயமும் சொல்லணும், ஏன்னா இது யாரும் வெளிய பேசாத விஷயம். வர்ணத்துக்கு வாசிச்ச கச்சேரி செட்டுக்கு என்ன தொகையோ அதே தொகைதான் கணியான் செட்டுக்கும், அதே கிரீன் ரூம், அதே சாப்பாடு, போஸ்டர்லயும் அதே அளவு எழுத்து. செலவுக்கு அனுமதி கேட்டு ஆபீஸுக்குப் போன மொத நோட்ல அப்படி இல்ல. எங்க துறைத்தலைவர் ஃபைல கையில எடுத்துக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினாவ, செக்ஷன்ல இருக்க அந்த அக்கா சாயங்காலம் எல்லாரும் கெளம்பின பிறகும் இருந்து நோட்ட புதுசா டைப் பண்ணி கையெழுத்துக்கு வச்சாவ. அக்கா, நீங்க அன்னைக்கு பஸ்ஸ விட்டது எங்களுக்கு தெரியும்.

தேதி வைக்கதே பெரிய பாடு. பங்குனி உத்திரத்துக்கு நம்ம ஊர்ல ஒரு ஈ காக்கா இருக்காது, எல்லாரும் அவங்கவங்க சாஸ்தா கோயிலுக்கு போயிடுவாவ. சித்திரை வந்துட்டா கொடை சீசன், அண்ணாவி செட்ட பிடிக்க முடியாது, எங்களுக்கும் பரீட்சை. நடுவுல கிடைச்ச ஒரு சனிக்கிழமைய வச்சு எல்லாம் ஏற்பாடு பண்ணின பிறகு பேசி வச்சிருந்த அரங்கம் கடைசி நேரத்துல இல்லன்னு ஆயிட்டு. கேம்பஸ் மைதானத்துலயே மேடை போடலாம்னு முடிவு பண்ணினது அப்பதான், இப்ப யோசிச்சா அதுவே நல்லதா போச்சு, கூத்துக்கு மேல வானம் இருக்கணும்.

ஆனா வெறுந்தரையில ஆட முடியாதுல்லா. சிமெண்டு தரையில தட்டி ஆடுனா முட்டி போயிடும், முதுகு போயிடும், நாங்கல்லாம் அத அனுபவிச்சவங்க. பேட்டையில இருந்து வந்த தச்சு வேலை அண்ணாச்சிகிட்ட ரீப்பர் கட்டை அடிச்சு அதுக்கு மேல பிளைவுட் போடணும், கீழ இடைவெளி இருந்தாத்தான் கால் தட்டும்போது தரை கொஞ்சம் வாங்கிக் குடுக்கும்னு சொன்னதும் ஒடனே புரிஞ்சுக்கிட்டாவ. ஆணித்தலை ஒண்ணு கூட வெளிய நிக்கப்படாதுன்னு செருப்பக் கழட்டிட்டு மேடை முழுக்க அவங்களே வெறுங்காலோட தேய்ச்சு தேய்ச்சு நடந்து பாத்தாவ. அண்ணாச்சி, அன்னைக்கு ஒரு பிள்ளை காலுல கூட ஒரு கீறல் இல்ல.

லைட் அண்ணாச்சி கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் சீரியல் செட் போடுதவங்க, டான்ஸ் மேடைக்கு இதுதான் மொத தடவை. முன்னால இருந்து மட்டும் வெளிச்சம் அடிச்சா உடம்பு தட்டையா தெரியும், கை எங்க நிக்குது இடுப்பு எங்க மடியுதுன்னு தெரியாது, ரெண்டு பக்கத்துல இருந்தும் வேணும்னு எங்க டீச்சர் சொன்னத கேட்டு, ஒத்திகைக்கு வந்து உக்காந்து முழுசா பாத்துட்டு, பக்கத்துக்கு ரெண்டு கம்பம் நட்டு அவங்களே ஒரு ஏற்பாடு பண்ணிட்டாவ. நாங்க ஆடுன குற்றாலக் குறவஞ்சியில நாயகி வசந்தவல்லி பந்தடிக்க காட்சியில அந்தப் பக்க வெளிச்சம் இல்லன்னா பாதி அபிநயம் தெரிஞ்சிருக்காது. சவுண்ட் தம்பிக்கும் நன்றி, மகுடத்துக்குப் பக்கத்துல மைக்க கொண்டு போனா காது கிழியும், பாட்டு அமுங்கிடும்னு தெரிஞ்சு தள்ளி வச்ச புத்திசாலி.

வாட்ச்மேன் தாத்தாவ விட்டா நான் மனுஷியே இல்ல. மகுடத்த வாசிக்கதுக்கு முன்னால தீயில காட்டி சூடேத்தணும், தோல் இறுகுனாத்தான் சத்தம் கணீர்னு வரும், நடுவுலயும் ஒரு தடவை காட்ட வேண்டி வரும். கேம்பஸ்ல தீ மூட்டக் கூடாதுன்னு விதி. தாத்தா தானே போயி அதிகாரிங்ககிட்ட பேசி, மேடைக்குப் பின்னால ஒரு இடத்த செத்தை எல்லாம் கூட்டி சுத்தம் பண்ணி, சுத்தி மணல் போட்டு, நாலு வாளித் தண்ணி வச்சு, விழா முடியுற வரைக்கும் அந்த இடத்த விட்டு நகரல. கூத்து நடக்கும்போது அவருக்கு மேடை தெரியல, சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். தாத்தா, வீடியோ எடுத்து வச்சிருக்கேன், கொண்டு வந்து முழுசா போட்டுக் காட்டுதேன்.

வீரவநல்லூர்ல இருந்து சேலை நெசவு விலைக்கே குடுத்த குடும்பத்துக்கும், விசிறி மடிப்பு ஒண்ணு கூட சாயாம தச்ச தையல் அக்காவுக்கும், பூ கட்டிக் குடுத்தவங்களுக்கும், பாய் குடுத்த கல்யாண மண்டபத்துக்காரங்களுக்கும், ஜெனரேட்டர் தம்பிக்கும், கேட்டுல நின்ன முதலாமாண்டு தங்கச்சிகளுக்கும் நன்றி.

சாப்பாடு. ஒத்திகை நடந்த கடைசி வாரம் முழுக்க எங்க கூடப் படிக்க பிள்ளையோட ஆச்சி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செஞ்சு போட்டாவ. "ஆடுத பிள்ளைகளுக்கு இடுப்புல பலம் வேணும்ட்டி, இத ரெண்டு வாயி கூடத் தின்னு" அப்படின்னு ஒவ்வொருத்தர் தட்டுலயும் நல்லெண்ணெய் ஊத்தி ஊத்தி வச்சாவ. எங்கள்ல ஹாஸ்டல்ல இருக்கவங்க ரொம்ப பேரு, வீட்டுச் சாப்பாடு பாத்து எத்தனையோ நாளானவங்க. ஆச்சி, உங்க கைய கண்ணுல ஒத்திக்கிடுதோம்.

இனி பாக்க வந்தவங்களுக்கு. வழக்கமா எங்க விழாவுக்கு வாரவங்க பெத்தவங்களும் வாத்தியார்களும்தான். இந்த வருஷம் சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கத்துல இருந்தெல்லாம் டாடா ஏஸ் பிடிச்சு வந்திருந்தாவ, கணியான் கூத்து வைக்காவளாம்னு கேள்விப்பட்டு. வயசானவங்க நாற்காலி வேண்டாம்னு பாயில உக்காந்தாவ. அலாரிப்பு, வர்ணம் எல்லாத்தையும் அவ்வளவு பொறுமையா பாத்தாவ, ஒரு அம்மா என்கிட்ட வந்து அந்தப் பிள்ளை கண்ணால கூப்பிட்டாளே அது யாரக் கூப்பிட்டான்னு கேட்டாவ, வர்ணத்துல நாயகி தோழிய தூது அனுப்புதான்னு சொன்னதும் "அதான் எனக்கும் தோணுச்சு"ன்னாவ. மகுடம் மொத அடி விழுந்ததும் முன்வரிசையில இருந்து ஒரு ஆச்சி குலவை போட்டாவ. அடுத்து இன்னொருத்தர், அப்புறம் பாய் முழுக்க குலவை. எங்க பல்கலைக்கழக விழாவுல குலவை கேட்டது எனக்குத் தெரிஞ்சு இதுதான் மொத தடவை. பக்கவாட்டுல நின்னுட்டிருந்த எங்க எல்லாருக்கும் புல்லரிச்சுப் போச்சு, அண்ணாவி அய்யா ஒரு நிமிஷம் நிறுத்தி அந்த ஆச்சிமாரப் பாத்து கும்பிட்டுட்டுதான் வரிய எடுத்தாவ. நீங்க வந்ததுக்கு என்ன சொல்லி நன்றி சொல்லன்னு தெரியல. அடுத்த வருஷமும் வாங்க, உங்களுக்குன்னு முன்னால பாய் கட்டாயம் விரிச்சிருப்போம்.

எங்க டீச்சருக்கு கடைசியா வச்சிருக்கேன், அவங்க அதத்தான் விரும்புவாவ. டீச்சர், நீங்க எங்களுக்கு அடவு சொல்லிக் குடுத்தீங்க, யாரு முன்னால கைகட்டி உக்காந்து கத்துக்கிடணும்னும் காட்டிட்டீங்க. நீங்களே அண்ணாவி அய்யா முன்னால எங்களோட தரையில உக்காந்தத நாங்க மறக்க மாட்டோம்.

ஒரு ரெண்டு தகவல். கிரீன் ரூம்ல ஒரு ஜோடி சலங்கையும் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியும் இருக்கு, யாரோடதுன்னு துறை ஆபீஸ்ல வந்து சொல்லி வாங்கிக்கிடுங்க. சித்திரையில அண்ணாவி செட்டுக்கு சுடலை கோயில் கொடை இருக்கு, எங்க வகுப்பு மொத்தமா வேன் வச்சு போறோம், ராத்திரி முழுக்க இருந்து பாத்துட்டு விடிஞ்சப்புறம்தான் திரும்புவோம். வாரவங்க முன்கூட்டியே சொல்லுங்க, இடம் இருக்கு.

அன்போட,
நடனத்துறை இரண்டாமாண்டு மாணவ மாணவியர் சார்பா