காப்பித்தூள் பையில் மூன்று விவரம் எழுதுங்கள்: செட்டிநாட்டுக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களிடம் நெடுங்காலமாகத் தூள் வாங்கிவரும் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் என்ற உரிமையில் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். எங்கள் கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறுவதற்குள் நீங்கள் கட்டித் தரும் பையின் மேல், உள்ளே இருப்பது எந்தக் கொட்டை, சிக்கரி எத்தனை பங்கு, கொட்டை வறுத்த தேதி எது என்ற மூன்றையும் எழுதித் தர வேண்டும். இப்போது அந்தப் பையில் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும், சில கடைகளில் பிள்ளையார் படமும் மட்டுமே இருக்கின்றன.

ஆலையில் அடைத்து வரும் பொட்டலத்துக்கு இப்படியொரு விதி ஏற்கெனவே உண்டு. காப்பியும் சிக்கரியும் கலந்த தூளில் எடைக்குக் குறைந்தது 51 விழுக்காடு காப்பி இருக்க வேண்டும், இரண்டின் விழுக்காட்டையும் உறையில் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. மளிகைக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் சின்னப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாலும் அந்தக் கணக்கு இருக்கிறது. அதைவிடக் கூடுதல் விலை கொடுத்து, ஆளை நம்பி வாங்கும் தூளில் அது இல்லாதிருப்பது எனக்கு விந்தையாகவே படுகிறது.

சிக்கரியே ஆகாது என்று வாதிடுவது என் நோக்கம் அன்று. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் அந்தக் கிழங்கை வறுத்து அரைத்துச் சேர்க்கும்போது டிக்காஷனுக்குக் கருமையும் கெட்டியும் கிடைக்கின்றன என்பதும், பாலைத் தாராளமாக ஊற்றும் நம் வழக்கத்துக்கு அது பொருந்துகிறது என்பதும் உண்மைதான். ஆனால் சிக்கரியில் காஃபீன் கிடையாது. காப்பியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரைவதால், காப்பி குறைந்திருக்கும் குறையை அதன் கருமை மறைத்துவிடும். சிக்கரி கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணாடித் தம்ளரில் பச்சைத் தண்ணீரை அசையாமல் நிற்கவிட்டு, ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவினால் காப்பித் துகள் மிதக்கும், சிக்கரித் துகளோ பழுப்பு நூல் போல் நிறத்தை இழுத்துக்கொண்டு அடிக்கு இறங்கும். கலந்திருப்பதை இந்தச் சோதனை காட்டுமே தவிர, கலந்தது இருபதா நாற்பதா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல உங்களால்தான் முடியும்.

வீட்டுக் காப்பியும் அலுவலகக் காப்பியும் ஒரே தூளில் சரிப்படுவதில்லை என்பதால் எங்களுக்கு இந்த விவரம் அவசியமாகிறது. எங்கள் வீட்டில் இரண்டாங்கட்டுச் சமையலறையில் இன்னும் பித்தளை பில்டர்தான். மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு, லேசாக அழுத்திச் சமன் செய்து, கொதி அடங்கிய தண்ணீரை ஊற்றி மூடிவிட்டால் முதல் டிக்காஷன் நிதானமாக இறங்கும். அது ஆச்சிக்கும் வந்த விருந்தாளிகளுக்கும், இரண்டாவது எங்களுக்கு. சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு, கொட்டையின் மணத்தைச் சிக்கரியில் மூழ்கடிக்க ஆச்சிக்கு மனமில்லை. ஆகவே வீட்டுக்குக் கழுவிப் பதப்படுத்திய, மணம் மிகுந்த அராபிகா வகைக் கொட்டை, சிக்கரி நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகாமல். நான் வேலை பார்க்கும் இடத்திலோ காலையில் வடித்த டிக்காஷன் மாலைவரை பிளாஸ்கில் கிடக்கிறது. அத்தனை நேரத்தில் அராபிகாவின் நறுமணம் போய்விடுவதால், அங்கே ரொபஸ்டா என்ற இன்னொரு வகைக் கொட்டை கூடுதலாகவும் சிக்கரி நூற்றுக்கு முப்பது பங்கு வரையிலும் இருக்கும் தூளே பாலைத் தாங்கி நிற்கிறது. ரொபஸ்டாவில் காஃபீன் அராபிகாவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் மத்தியானத் தூக்கத்துக்கும் அதுவே மருந்து. இவ்விரண்டையும் ஒரே கடையில், ஒரே மாதிரிப் பையில் வாங்கிக்கொண்டு வந்தால் எது எதுவென்று மோந்து பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

கொட்டையைப் பற்றியும் தெளிவு வேண்டும். பலகையில் ‘பீபெரி’ என்று எழுதி அதற்கு ஒரு தனி விலை போட்டிருக்கிறீர்கள். வழக்கமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் தட்டைப் பக்கம் சேர்ந்திருக்கும். ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. அராபிகாவிலும் பீபெரி உண்டு, ரொபஸ்டாவிலும் உண்டு. எந்தச் செடியின் பீபெரி என்று எழுதாதவரை அந்தப் பலகை கொட்டையின் வடிவத்தை மட்டும் சொல்லி, விலைக்கான காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ‘பிளாண்டேஷன் ஏ’ என்ற கொட்டை வகைப் பெயரில் வரும் ‘ஏ’யும் சல்லடையில் நிற்கும் கொட்டையின் அளவைக் குறிப்பதுதான், முதல் தரம் என்று நாங்களாகவே எண்ணிக்கொள்கிறோம், நீங்களும் மறுத்துச் சொல்வதில்லை. கொட்டை குடகிலிருந்து வந்ததா, சிக்கமகளூரா, ஏற்காடா, அல்லது நமக்குப் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்துத் தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலைகளில் விளைந்ததா என்பதையும் ஒரு சொல்லில் குறித்துவிட்டால், எனக்குத் தெரிந்து பலர் தாண்டிக்குடிக் கொட்டையைக் கேட்டு வாங்குவார்கள்.

கலவை கடையின் தொழில் ரகசியம் என்று ஒரு கடையில் எனக்குப் பதில் வந்தது. எந்தத் தோட்டத்துக் கொட்டையை எந்தப் பதத்தில் வறுத்து எதனோடு சேர்க்கிறீர்கள் என்பது ரகசியமாகவே இருக்கட்டும். காப்பிக்கும் சிக்கரிக்கும் உள்ள பங்கு ரகசியம் ஆகாது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சியால் விளைச்சல் குறைந்து, உலகச் சந்தையில் கொட்டை விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனதை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கிலோவுக்கு இவ்வளவு கூட்டிவிட்டோம் என்று சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவோம். விலை அப்படியே நிற்க, சிக்கரி மட்டும் சத்தமில்லாமல் ஏறுமானால் அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வழி ஏது? நேர்மையாக நடக்கும் கடைக்கும் தன் நேர்மையைக் காட்டிக்கொள்ள இப்போது வழியில்லை.

கூட்ட நேரத்தில் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பீர்கள். மூன்று வெற்றிடம் விட்டு ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டால், பேனாவால் நிரப்ப அரை நிமிடம்கூட ஆகாது.

தேதியைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரைத்த தூளின் மணம் சில நாள்களிலேயே இறங்கத் தொடங்கிவிடும். முழுக் கொட்டை அதைவிட நன்றாகவே தாங்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திருவிழாவுக்கும் வந்துவிட்டுச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் திரும்பும்போது கிலோக்கணக்கில் தூள் கட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே மாதக்கணக்கில் வைத்துக் குடித்துவிட்டு, ஊர்க் காப்பி முன்போல் இல்லை என்று குறைபடுகிறார்கள். அவர்களிடம் அரைக்காத கொட்டையாக வாங்கிப் போகும்படி நீங்களே எடுத்துச் சொல்லலாம். பையில் எழுத வேண்டியதும் கொட்டை வறுத்த தேதியே. அரைத்துக் கட்டிய தேதியை எழுதினால், பல நாளுக்கு முன் வறுத்து டின்னில் கிடந்த கொட்டையும் புதிதாகத் தோன்றிவிடும்.

தை பிறந்ததும் கல்யாண வீட்டார் மொத்தமாக வாங்க வருவார்கள். பெரிய அண்டாவில் துணிப்பை கட்டி வடிப்பவர்களுக்குக் கலவையின் கணக்கும் அரைப்பின் பதமும் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும் என்பதால், அந்தப் பைகளிலிருந்தே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர் ஒருவர்,
காரைக்குடி.