ஐந்து மணிக்குள் ரூமுக்குப் போய்விடு

அன்புள்ள கண்ணு,

சீனாவிலிருந்து நீ அனுப்பிய, யூலோங் பாலத்தில் எடுத்த படம் வந்தது. 1412-இல் கட்டின பாலம், இன்னும் கல் அசையாமல் நிற்கிறது. படத்தில் ஒரு சைக்கிள்தான் இருந்தது. படம் எடுத்தது மாப்பிள்ளையாக இருக்கும், அவர் வண்டி இந்தப் பக்கம் நின்றிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

பின் டயரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காற்று போதாது, தரையில் சப்பையாக உட்கார்ந்திருக்கிறது. பை நாலும் உன் வண்டியிலேயே ஏற்றினால் அப்படித்தான் ஆகும். 1.95 அங்குல டயருக்கு இந்தச் சுமையில் பின்னால் 50, முன்னால் 45 பி.எஸ்.ஐ. வை. டியூப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுந்தால் முள் என்று தேடாதே, காற்றுக் குறைந்து ரிம் கடித்ததுதான். ஒரே ஓட்டை என்றால் டயருக்கு உள்ளே பழந்துணியை ஓட்டு. எங்கே துணி மாட்டுகிறதோ அங்கே மெல்லிய கம்பி இருக்கும், லாரி டயரிலிருந்து தெறித்தது. விரலால் தடவாதே. அதை எடுக்காமல் ஒட்டினால் அடுத்த ஊருக்குள் மறுபடி பஞ்சர். சொல்யூஷன் ஈரம் போய் மங்கும்வரை ஐந்து நிமிடம் பொறு. உனக்குப் பொறுமை கிடையாது, ஆனால் கை சுத்தம். கடைப் பையன்களைவிட நன்றாக ஒட்டுவாய்.

உன் டியூப்பில் இருப்பது ஒல்லி வால்வ். கிராமத்தில் சைக்கிள் கடை கிடைக்காது, மின் ஸ்கூட்டர் கடைதான். அந்தப் பம்ப் வாய் உன் வால்வுக்குச் சேராது. கிராமத்துக்குள் போகுமுன் யாங்ஷுவோ டவுனிலேயே பித்தளை அடாப்டர் வாங்கிக்கொள். பம்ப் மாப்பிள்ளை பையில் இருப்பதாகச் சொன்னாய். உனக்கென்று ஒன்று தனியாக வாங்கு.

இப்போது அங்கே இரண்டாம் போக அறுப்பு. கிராமத்து கான்கிரீட் சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள், ஓரத்தில் செங்கல் வரிசை வைத்திருப்பார்கள். நெல் மேல் ஏறிவிட்டால் பிரேக் தொடாதே, ஹேண்டிலைத் திருப்பாதே, நேராக உருட்டிவிடு. அவர்கள் உழைப்பு அது, முடிந்தவரை இறங்கித் தள்ளிக்கொண்டு போ. சாலை மூன்றரை மீட்டர்தான் இருக்கும், விளிம்பை ஒட்டி வாய்க்கால். இருட்டில் இரண்டும் தெரியாது. ஆறு மணிக்கெல்லாம் பொழுது போய்விடும், ஐந்துக்குள் ரூமுக்குப் போய்விடு.

கூகுள் மேப்பை நம்பாதே. அங்கே நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டி வரப்பில் கொண்டுபோய் விடும். சீனாக்காரர்களின் காவ்தே மேப் போடு. மைல்கல்லில் சாலை எண்ணுக்கு முன் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் மாவட்டச் சாலை, ஒய் என்றால் அதற்கும் சிறியது. நீ தேடுவது ஒய்தான். பிங்லே தாண்டி கோங்செங் பக்கம் போனால் வாசலெல்லாம் பெர்சிமன் பழம் தோல் சீவி மூங்கில் தட்டில் காய்கிற காலம். அதைப் பார்க்காமல் வராதே. உன் அளவுக்கு யாரும் அந்தப் பக்கம் தைரியமாகப் போக மாட்டார்கள் என்று உன் பெரியப்பாவிடம் பெருமையடித்தேன். அவர் "கூட யாரு?" என்றார். பேச்சை மாற்றிவிட்டேன்.

அம்மாவுக்கு ஒரு ஃபோன் போட உனக்கு நேரமில்லை, லொக்கேஷன் மட்டும் அனுப்புகிறாய். அவளுக்கு அந்த நீலப் புள்ளி போதாது.

நாய் துரத்தினால் மிதிக்காதே, இறங்கிச் சைக்கிளை நடுவில் பிடி. கடித்தால் சோப்பும் தண்ணீரும் ஊற்றிப் பதினைந்து நிமிடம் கழுவி அன்றே ஊசி போடு. அந்தப் பக்கம் வெறிநோய் உண்டு. வலப்பக்கச் சாலை என்பதைக் காலையில் முதல் திருப்பத்தில் நினைவில் வை. மின் ஸ்கூட்டர் சத்தமில்லாமல் வரும், இருட்டினால் பலபேர் விளக்கும் போடுவதில்லை. ஐந்துக்குள் போய்விடு.

ஓட்டலில் தங்கினால் போலீஸ் பதிவை அவர்களே செய்வார்கள். விவசாயி வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீயே பாஸ்போர்ட்டோடு ஸ்டேஷனுக்குப் போ. ஹேண்டில் பையில் அவசரச் சீட்டு ஒன்று இருக்குமே, அதில் யார் நம்பர் எழுதியிருக்கிறாயோ எனக்குத் தெரியாது. என் நம்பரையும் எழுது. முன்னால் 0091 போட மறக்காதே.

அப்பா